ஒரு விரக்கடை

ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே
திம்மராயன் டயர் கடை.
நாலும் மொட்டை என்றான்.
ஒரு ரூபாய்க் காசைப் பள்ளத்தில் நட்டுப் பார்த்தான்,
காசு நிற்காமல் சாய்ந்தது.

இருப்பதையே போடு என்றேன்.
நூற்று எண்பத்தைந்து, எண்பது, பதினாலு.
டயரின் கன்னத்தில் உள்ளதைப்
பதினாலு மாதமாகத் துடைக்கிறேன், மனப்பாடம்.

அவன் பதில் சொல்லவில்லை.
ஓட்டுநர் கதவைத் திறந்து குனிந்து
நடுத்தூணை நகத்தால் சுரண்டினான்.
எனக்கு விற்ற தேன்கனிக்கோட்டை ஆசாமி
மறுபெயின்ட் அடித்தபோது மூடிப்போன ஸ்டிக்கர்.
வெள்ளை உரிந்து கறுப்பில் எழுந்தது
நூற்று அறுபத்தைந்து.

அகலம்தானே கூட, நல்லதுதானே,
எண்பது எண்பதாகத்தானே இருக்கிறது?

எதில் எண்பது என்றான்.

மில்லிமீட்டர் இல்லையாம்.
அகலத்தில் நூற்றுக்கு எண்பதாம்.
அகலம் கூடினால் உயரமும் கூடவே எழும்,
சம்பளம் ஏறினால் ஏறும் கடன் மாதிரி.
நூற்று முப்பத்திரண்டு எங்கே,
நூற்று நாற்பத்தெட்டு எங்கே.
விரலைப் படுக்கவைத்துக் காட்டினான்:
ஒரு விரக்கடை.

அந்த விரக்கடைக்கு மேல் உட்கார்ந்துதான்
இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.
முழுசாக ஒடித்தால் முன்சக்கரம் கரகரக்கும்,
வண்டியின் சுபாவம் என்றிருந்தேன்.
பெரிய சக்கரம் சுற்றுக்குச் சுற்று
கொஞ்சம் ரோட்டைக் கூடுதலாக விழுங்கும்.
மீட்டருக்குச் சுற்றுதான் தெரியும், ரோடு தெரியாது.

தொப்பூர் இறக்கத்தில் கேமரா பிடித்த அன்று
முள் அறுபதைத் தாண்டவில்லை என்று
சாமி மேல் சத்தியம் பண்ணினேன்.
சீட்டில் அறுபத்து மூன்று என்றிருந்தது.
போலீஸ்காரர் சிரித்தார்.
நானும் பொய் சொல்லவில்லை, கேமராவும் சொல்லவில்லை.

பழைய பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்.
வாங்கியதிலிருந்து மீட்டரில் முப்பத்தோராயிரம்.
எழுதாமல் விட்டது ஆயிரத்து அறுநூறு.
கிலோமீட்டருக்குப் பதினாலு ரூபாய்.
யார் யாரையோ கன்னியாகுமரி கூட்டிப்போய்த் திரும்பி
மறுபடி மதுரை வரை
இலவசமாக இறக்கிவிட்டிருக்கிறேன்.
டீயில் ஆடை படிந்துவிட்டது.

அகலமே வேண்டுமென்றால் எழுபதில் இருக்கிறது,
உயரம் ஏறக்குறைய பழசுதான் என்று
உருட்டிக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது.
வேண்டாம்.
ஸ்டிக்கர் சொன்னதைப் போடு,
பாரத்து எண் எண்பத்தைந்துக்குக் குறையக் கூடாது.
நாலுக்கும் பதினாறாயிரத்து எண்ணூறு.
ஜாக்கி இறங்கியதும் வண்டி
கல்யாண வீட்டில் ஹீல்ஸைக் கழற்றியவள் போல்
கொஞ்சம் குட்டையாக, நிம்மதியாக நின்றது.

வியாழக்கிழமை தருமபுரிக்கு
மாங்கூழ் ஆலைக் கணக்கர் நஞ்சுண்டன்.
வாராவாரம் அதே ரோடு, அதே வங்கி வாசல்.
இறங்குமுன் மீட்டரை எட்டிப் பார்த்தார்.
சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்தார்.
போன வாரம் நாற்பத்து நாலு.
அதற்கு முந்தின வாரமும் நாற்பத்து நாலு.
இன்றைக்கு எப்படியம்மா நாற்பத்தாறு?
மீட்டரில் கை வைத்துவிட்டாயா?

டயரைக் காட்டினேன்.
எண்பதைச் சொன்னேன், எதில் எண்பது என்பதையும்.
ஒரு விரலைப் படுக்கவைத்து நீட்டினேன்.
நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அறுநூற்றுப் பதினாறு.
சில்லறை சரியாக இருந்தது,
கிருஷ்ணகிரியிலேயே எண்ணி வைத்திருந்தார்.